இயற்பியலும் வேதியியலும் ஒரே பட்டமாகட்டும்

பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் வெப்ப இயக்கவியலின் முதல் விதி வேலையைக் கழிக்கச் சொல்கிறது. அதே வகுப்பின் வேதியியல் புத்தகம் வேலையைக் கூட்டச் சொல்கிறது. இரண்டும் சரிதான். வாயு செய்கிற வேலை அங்கே கணக்கு. வாயுவின் மேல் செய்யப்படும் வேலை இங்கே கணக்கு. ஆனால் இரண்டையும் அருகருகே எழுதிப் போட்டு, ஏன் குறி மாறுகிறது என்று விளக்கும் பாடவேளை நம் அட்டவணையில் கிடையாது. எந்தத் தேர்வோ அதற்கேற்ற குறியைப் போட மாணவர் பழகிக்கொள்கிறார்.

கல்லூரியிலும் இதே நிலைதான். பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தவருக்கு வேதியியல் ‘அலைடு’. வேதியியல் சேர்ந்தவருக்கு இயற்பியல் ‘அலைடு’. அலைடு என்றாலே பாஸானால் போதும் என்ற எண்ணம் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. குவாண்டம் கொள்கை, நிறமாலையியல், படிக அமைப்பு மூன்றும் இரு துறைகளிலும் நடத்தப்படுகின்றன. ஒரு துறையில் நடந்தது மறு துறைக்குத் தெரிவதில்லை.

பெரியார் பல்கலைக்கழகம் இதை மாற்ற வேண்டும். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சம எடை தரும் ஆனர்ஸ் பட்டம் ஒன்றைத் திட்டமிட்டு, முதலில் சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் தொடங்கிப் பார்க்க வேண்டும். 1997இல் இந்தப் பல்கலைக்கழகம் உருவானது இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக. இந்த மண்ணுக்கு எந்தப் பட்டம் பொருந்தும் என்று யோசிக்கும் பொறுப்பு அதற்குத்தான் முதலில் உண்டு.

பொருத்தத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேட்டூர் அணை முடிந்தது 1934இல். இரண்டே ஆண்டில் அங்கே ரசாயனத் தொழில் வந்தது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழில் அது. அதில் எது இயற்பியல், எது வேதியியல் என்று எவராலும் பிரிக்க முடியாது. சேலம் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டும் வெள்ளைக்கல் மேக்னசைட். அதைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மெக்னீசியா மிஞ்சும், இது வேதியியல். அந்த மெக்னீசியா 2,800 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும் என்பதால் உருக்காலை உலைகளுக்குள் செங்கல்லாகப் போகிறது. அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பது திண்மநிலை இயற்பியல். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் சாயக் கழிவுநீர் காவிரியில் கலக்காமல் தடுக்க வேண்டுமானால் சாயத்தின் மூலக்கூறும் தெரிய வேண்டும், சவ்வூடு பரவல் அழுத்தமும் தெரிய வேண்டும். ஆர்.ஓ. சவ்வு ஏன் அடைத்துக்கொண்டது என்று கண்டுபிடிக்க இரண்டும் தெரிந்த ஒரே ஆள் வேண்டும்.

வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன் இயற்பியல் படித்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் பார்த்த வேலையோ வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பின்னர் 1928இல் ராமனோடு சேர்ந்து அவர் கண்ட ஒளிச்சிதறல் இன்று வேதியியல் ஆய்வகங்களின் அன்றாடக் கருவி. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2009இல் நோபல் வாங்கியது வேதியியலுக்கு. சொந்த முயற்சியால் இவர்கள் கடந்த தூரத்தை வெண்ணந்தூரிலிருந்தோ எடப்பாடியிலிருந்தோ வரும் முதல் தலைமுறைப் பட்டதாரியும் கடக்க, பாடத்திட்டமே வழி செய்து தர வேண்டாமா?

ஆனால் இரண்டு பாடத்திட்டங்களைச் சேர்த்துத் தைத்து ஒரு பட்டம் என்று சொன்னால் மாணவர் முதுகுதான் ஒடியும். வெப்ப இயக்கவியலை இரு துறையாரும் உட்கார்ந்து ஒரே தாளாக எழுத வேண்டும். குவாண்டத்துக்கு ஒரு தாள், நிறமாலையியலுக்கு ஒரு தாள். மிச்சமாகும் மணிநேரம் கணிதத்துக்கும் ஆய்வகத்துக்கும் போகட்டும். நாமக்கல் வட்டாரத் தனியார் பள்ளிகள் சில, பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு பிளஸ் டூ பாடத்தையே இரண்டாண்டு உருப்போட வைத்தது ஊரறிந்த கதை. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இருக்கும்வரை முதல் பருவத்தை அடித்தளத்தைச் சரிசெய்யவே ஒதுக்க வேண்டும்.

ஆனர்ஸ் என்றதும் தேசியக் கல்விக் கொள்கையின் நான்காண்டுப் படிப்பு நினைவுக்கு வரும். விசைத்தறிக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டுக்கு நான்காம் ஆண்டு என்பது ஓராண்டு வருமானம் போவது. மூன்றாண்டே போதும் என்பது நம் கருத்து. சுப்ரமணியன் சந்திரசேகர் 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தார். எனவே ஆனர்ஸ் நமக்குப் புதிதல்ல. டெல்லியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதுமல்ல.

பெற்றோர் கேட்கப்போகும் கேள்வி வேறு: இதைப் படித்தால் வாத்தியார் வேலை கிடைக்குமா? நியாயமான கேள்வி. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்கிறது விதி. பட்டத்தின் பெயர் சற்று மாறியிருந்ததால், இணைத்தன்மை அரசாணைக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் தமிழகத்தில் நிறையப் பேர். அறிவியல் ஆசிரியர் பத்தாம் வகுப்பில் ஒரே புத்தகத்திலிருந்து ஒளியியலும் நடத்துகிறார், அமில காரமும் நடத்துகிறார். அந்த வேலைக்கு இந்தப் பட்டதாரியைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனாலும் தகுதியைத் தாளில் எழுதித் தந்தால்தான் செல்லும்.

ஆகவே இரு பாடத்துக்கும் இந்தப் பட்டம் இணையானது என்ற அரசாணையை உயர்கல்வித் துறை முன்கூட்டியே வெளியிட வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே துறைகளை ஓட்டும் வழக்கத்தை விட்டு, இந்தப் படிப்புக்கு நிரந்தரப் பணியிடங்கள் ஒதுக்க வேண்டும். இவை நடக்காமல் ஒரு மாணவரைக்கூடச் சேர்க்கக் கூடாது. சேர்க்கை விளம்பரம் வரும் நாளில், அரசாணை எண் அதிலேயே அச்சாகியிருக்க வேண்டும்.