யாருடைய முப்பதுகள்?

பழைய மோஸ்தரில் உடுத்துவது மரபை மீட்கும் காரியம் என்று நம் வட்டத்து நண்பர் ஒருவர் கவிதை எழுதினார். இன்னொரு நண்பர் அதற்கு வியாக்யானமும் எழுதிவிட்டார். கவிதையில் ஒரு டிரங்குப் பெட்டி திறக்கிறது. பாச்சை உருண்டை வாசனை வருகிறது. பாட்டியின் பஃப் கை ரவிக்கை வெளியே வருகிறது. பேத்தி அதைப் போட்டுக்கொள்கிறாள், காலம் அழிந்துபோகிறது. காலம் அவ்வளவு சுலபமாக அழியும் என்று நான் நம்பவில்லை. அதைவிட முக்கியம், எனக்கு எழும் முதல் கேள்வி மிக ஸ்தூலமானது: எந்தப் பாட்டியிடம் பெட்டி இருந்தது?

நான் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிழவிகள் எங்கள் கவுண்டருக்கு வருவார்கள். இந்த மானாவாரிச் சீமையின் பழைய உடுப்பு எதுவென்று கேட்டால் பின்கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கியும், வெற்றுத் தோளில் இழுத்துப் போட்ட முந்தானையும்தான். ரவிக்கை கிடையாது. ஜம்பர் என்பது டீச்சரம்மாவும் நர்ஸம்மாவும் போடுவது. பஃப் கையைப் பரப்பியது பேசும் படமும் போட்டோ ஸ்டூடியோவும். இன்று தையல் கடையில் 'ரெட்ரோ' என்று கேட்டு வாங்கப்படும் முப்பதுகள் படச்சுருளின் முப்பதுகள். அதைப் பாட்டியின் முப்பதுகள் என்று கவிஞர் நினைத்துக்கொள்வது, சினிமாவை ஞாபகம் என்று நினைத்துக்கொள்வது.

தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931இல், 'காளிதாஸ்' மூலம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியார் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஜே. எச். ஹட்டன் 1946இல் வெளிவந்த தம் சாதி பற்றிய நூலில் இந்தப் பட்டியலைத் தருகிறார். நடந்தது அருப்புக்கோட்டையில் அல்ல. ஆனால் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. திருவிதாங்கூரில் 1859இல் மகாராஜா பிரகடனம் போட்டு நாடார் பெண்களுக்கு மேலாடையை அனுமதித்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஆக, 'முப்பதுகளின் ரவிக்கை' என்று ஒரு வஸ்து தனியாக இல்லை. போட்டுக்கொண்டவளின் முப்பதுகள் உண்டு, போடவிடாமல் தடுக்கப்பட்டவளின் முப்பதுகள் உண்டு. கவிதை இதில் எதைப் பெட்டியிலிருந்து எடுத்தது என்பதை வியாக்யானம் எழுதிய நண்பராவது கேட்டிருக்கலாம்.

வாயில் புடவைக்கும் நூல் சேலைக்கும் எழுதப்படும் இரங்கற்பாக்களும் எனக்கு எரிச்சல் தருகின்றன. நைலக்ஸும் பாலியெஸ்டரும் வந்தபோது எங்கள் ஊர்ப் பெண்கள் ஏன் அப்படிப் பாய்ந்து வாங்கினார்கள்? ரசனை கெட்டுப்போய் அல்ல. நூல் சேலைக்குக் கஞ்சி வேண்டும், நிறையத் தண்ணீர் வேண்டும், உலர ஒரு பொழுது வேண்டும். கண்மாய் வற்றிய சித்திரையில் இரண்டு குடத்துக்கு மைல் கணக்கில் நடந்தவளுக்கு, அலசிப் போட்ட அரை மணியில் காய்கிற பூனம் சேலை ஒரு விடுதலை. நெசவாளிக்கு அதனால் விழுந்த அடியை நான் மறுக்கவில்லை, அருப்புக்கோட்டைத் தறிகளின் கதை எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பழியைத் துவைத்தவள் தலையில் போடுவது நியாயமில்லை. இன்று 'அருப்புக்கோட்டை காட்டன்' என்று பட்டணத்தில் விலைபோகும் சேலையை உடுத்துகிறவள் வீட்டில் சலவை இயந்திரம் இருக்கிறது. அழகு என்று நாம் சொல்லும் பாதி விஷயங்கள் தண்ணீர்க் குழாய் வந்த பிறகுதான் அழகாகின்றன.

பாம்படம் போட்ட காதை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக்கொண்டு, கம்மல் மாட்டி, முதல் ரவிக்கை தைத்துப் போட்ட கிழவிகள் இங்கே உண்டு. அவர்கள்தான் இந்த வட்டாரத்தின் முதல் நவீனர்கள் என்று கருதுகிறேன். நம்மைப் போல மொழிபெயர்ப்பு வழியாக ஆனவர்கள் அல்ல.

பழைய மோஸ்தர் உடுத்தும் பெண்கள்மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை. பஃப் கையைப் பார்த்துவிட்டு 'சுயபிரக்ஞையற்ற பாவனை' என்று நக்கலடித்த இன்னொரு கோஷ்டியோடு நான் சேரவும் மாட்டேன். ஒரு பெண் கண்ணாடி முன் நின்று தனக்குப் பிடித்த கையைத் தேர்வது அவள் பாடு. வால்டர் பெஞ்சமின் 1940இல் எழுதிய சரித்திரக் குறிப்புகளில், மோஸ்தர் கடந்த காலத்துக்குள் புலிபோலப் பாய்கிறது என்று வியந்துவிட்டு, பாய்கிற மைதானம் ஆளும் வர்க்கத்தின் கட்டளைக்கு உட்பட்டது என்றும் கூடவே சொல்கிறார். நம் கவிஞர்கள் புலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உடுத்துகிறவள் தன்னை மரபின் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்த வேலையை அவளுக்காகச் செய்வது நாம்தான், அதுவும் அச்சில்.

சென்ற வருஷம் எங்கள் கிளையில் பெண் ஊழியர்கள் ஒருநாள் ரெட்ரோ உடையில் வந்தார்கள். ஒருவர் அறுபதுகளின் போட் நெக்கும் பெரிய கொண்டையுமாக. இன்னொருவருக்குப் பஃப் கை, ரெட்டைப் பின்னல். நன்றாகவே இருந்தார்கள். அன்றைக்கு முதியோர் பணம் வாங்க ஒரு பாட்டி வந்தாள். வெள்ளைச் சேலை, ரவிக்கை இல்லை. காது மட்டும் தோள்வரை தொங்கியது, பாம்படம் இல்லை. அது எந்தப் பஞ்சத்தில் எந்த அடகுக் கடைக்குப் போனதோ. எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை, பாஸ்புக் அதைச் சொல்லாது. பெண்கள் அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுக்காமல் நின்றாள். படம் முடிந்ததும் பஃப் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"ஏந் தாயி, இந்தக் கைக்கு எம்புட்டுத் துணி ஆச்சு?"

"கைக்கு மட்டும் கால் மீட்டர் கூடுதல், பாட்டி."

"கால் மீட்டரா!" என்று சிரித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பிப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்திருந்தது. கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு, இரண்டு தரம் எண்ணி, முந்தியில் முடிந்துகொண்டு போனாள்.