அதை விபத்து என்று சொல்லாதீர்கள்

போன மாதம் என் மச்சானைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரியின் மூத்த அண்ணன். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேச்சு குழறுகிறது. நலம் விசாரிக்க வந்த ஒருவர், "எல்லாம் விதி மாமா, நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் பக்கவாதத்துக்கு 'அக்சிதான் வாஸ்குலேர் செரெப்ரால்' என்று பெயர். மூளை ரத்தக்குழாய் விபத்து என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரனுக்கு அது விபத்து, திருவரங்குளத்தில் அது விதி. இரண்டுமே தப்பு என்பதுதான் என் வாதம்.

2021-ல் உலகம் முழுக்க ஏறக்குறைய 1.19 கோடிப் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்தது. 73 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பணக்கார நாட்டுக்காரர்கள் அல்ல, நம்மைப் போன்றவர்கள். விதி என்ன, ஏழை நாடு பார்த்தா வருகிறது? இந்த நோயின் பாதிப்பில் நூற்றுக்கு 84 பங்கு, தடுக்கவோ குறைக்கவோ கூடிய காரணங்களால் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் முதலிடம் ரத்தக் கொதிப்புக்கு. ஊறுகாயும் உப்புக் கருவாடும் நமக்கு மட்டுமா? ஜப்பானியர்களும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். 1960-களில் பக்கவாதச் சாவு மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஜப்பானும் ஒன்று. உப்பைக் குறைத்தார்கள், ஊர் ஊராகப் பிரஷர் பார்த்தார்கள். சாவு மளமளவென்று இறங்கியது.

நம் வீட்டுக்கும்தான் வந்து பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்ததிலிருந்து, ஒரு பெண் வாசலில் வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். மச்சான் வாங்கிக்கொள்வார். வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். "எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்?" கொதிப்பு வலிக்காது ஐயா. வலித்தால் நாமே ஓடுவோமே!

விடியற்காலையில் வாய் கோணியது. வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? விரல் நுனிகளில் ஊசியால் குத்தினார்கள், வாட்சப்பில் வந்ததாம். பிறகு காரில் ஏற்றி எண்ணெய் தேய்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். புறா ரத்தம் பூசச் சொன்னவரும் உண்டு. மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரி. அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவுக்கு அந்த ஊசி எமன். புதுக்கோட்டை நமக்கு எத்தனை தூரம்? 2017-லிருந்து அங்கே அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 108-க்குப் போன் செய்தால் காசு கூடக் கேட்க மாட்டார்கள். வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் அந்த எண்ணைத்தான் அழுத்த வேண்டும். வாயில் தண்ணீர் கூட ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

1984-ல் எம்.ஜி.ஆருக்குப் பக்கவாதம் வந்தபோது நாம் எல்லாரும் மண்சோறு சாப்பிட்டதைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறோம். அவரை அப்பல்லோவிலும் பிறகு புரூக்ளினிலும் வைத்து வைத்தியம் பார்த்ததை யாரும் பேசுவதில்லை. திரும்பி வந்து மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆட்சியும் செய்தார்.

இவ்வளவு கத்துகிறேனே, எனக்கும் இதில் பங்கு உண்டு. அந்த பிஸ்கட் டப்பாவைப் பொங்கலுக்கே பார்த்துவிட்டேன். அட்டை அட்டையாகப் பிரிக்காத மாத்திரை. மூத்தவராயிற்றே, சொன்னால் மரியாதையாக இருக்காது என்று மூடி வைத்துவிட்டு வந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளில் அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையில் சுழித்தவன் நான்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறேன். இடது கையால் மாத்திரையை வாங்கி என் எதிரில் விழுங்குகிறார். இனி உங்கள் வீட்டுக்கு வந்தாலும் காபிக்கு முன்னால் மாத்திரை டப்பாவைத்தான் கேட்பேன். கோபித்துக்கொள்வதாக இருந்தால் இப்போதே கோபித்துக்கொள்ளுங்கள்.