குதிரை வாங்கப் போகிறீர்களா?

நெடுந்தீவுக் குதிரையைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். இங்கே ஹாலேயில் எங்கள் பிள்ளைகள் ஐஸ்லாந்துக் குதிரை கேட்கிறார்கள். சிரிக்காதீர்கள், ஆசையில் நியாயம் உண்டு. அந்தக் குதிரைக்கு ‘டொல்ட்’ என்றொரு நடை இருக்கிறது. எந்நேரமும் ஒரு காலாவது நிலத்தில் இருப்பதால் மேலே இருப்பவர் குலுங்குவதில்லை.

விற்பவர் ஏறி ஓட்டிக் காட்டும்போது எல்லாம் அழகுதான். உங்கள் பிள்ளையை ஏற்றிப் பாருங்கள். பழகாத கைக்கு அதே குதிரை நடையை மாற்றிவிடும். ஊரில் மாடு வாங்கச் சுழியும் பல்லும் பார்த்தோம். இங்கே மிருக வைத்தியரைக் கூட்டிச் செல்லுங்கள், விற்பவருடைய வைத்தியரை அல்ல.

குதிரைக்கும் பாஸ் உண்டு. (எங்களுக்குக் கிடைக்க எத்தனை வருடம்!) ஆனால் பாஸ் கையில் இருந்தால் மட்டும் குதிரை உங்களுடையதாகாது. உரிமைப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். வியாபாரியிடம் வாங்கிய குதிரையில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது முன்பே இருந்தது என்றுதான் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். 2022 முதல் மற்றப் பொருட்களுக்கு ஒரு வருடம், மிருகத்துக்கு ஆறு மாதம்தான். தனியாளிடம் வாங்கினால் அதுவும் இல்லை. ‘பொறுப்பில்லை’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுவார். டொச் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

விலையைவிட எனக்குப் பயம் உதைதான். சிவில் சட்டம் 833ஆம் பிரிவின்படி, பொழுதுபோக்குக்கு வைத்திருக்கும் குதிரை ஒருவரை உதைத்தால், உங்களில் பிழை இல்லாவிட்டாலும் நட்டஈடு நீங்கள்தான் கட்ட வேண்டும். காப்புறுதி இல்லாமல் லாயத்திலிருந்து அவிழ்க்கவே வேண்டாம்.

ஷிப்ட் வேலை செய்யும் எங்களுக்கு ‘ரைட்பெட்டைலிகுங்’ நல்லது. மாதம் ஒரு தொகை கொடுத்து, வேறொருவரின் குதிரையில் கிழமைக்குச் சில நாள் பிள்ளை ஓடலாம். சொந்தக்காரரின் காப்புறுதி உங்கள் பிள்ளையையும் சேர்க்கிறதா என்று முதலே கேளுங்கள்.