பாதாளத்துச் சரக்கு

சென்ற மாதம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடிப் பாதாளேசுவரர் குகைக் கோயிலுக்குச் சென்றிருந்தோம். புனே நகரின் நடுவே, ஜங்கலி மகராஜ் சாலையை ஒட்டி, கரும்பாறையைக் குடைந்து அமைத்த ஆலயம் அது. எட்டாம் நூற்றாண்டினது என்பர். அங்கே அன்பர் ஒருவரின் மகள், எட்டு வயதுச் சிறுமி, "மாமா, இந்தக் கறுப்புக் கல் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டாள். எரிமலை கக்கியது என்றோம். "எந்த எரிமலை?" என்றாள். நாம் விழித்தோம். மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட நாம் அன்றிரவே நூல்களைப் புரட்டலானோம்.

ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுவோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. மூட்டை எங்கே கிடந்தாலும் அதன் லேபிலில் புறப்பட்ட நிலையத்தின் பெயர் இருந்தால் கவலையில்லை. லேபில் கிழிந்த மூட்டையோடு நாம் ஒரு முறை பட்ட பாடு தனிக் கதை. பாறைக்கும் அத்தகைய லேபில் ஒன்று இருக்கிறது. பலூனில் அடைக்கும் ஹீலியம் வாயுவே அது.

ஹீலியத்தில் எடை மூன்று, எடை நான்கு என இருவகை ஐசோடோப்புகள் உள்ளன. நான்கு, யுரேனியமும் தோரியமும் சிதையும்போது இன்றும் புதிதாய்ப் பிறந்துகொண்டிருப்பது. மூன்றோ, பெரும்பாலும் பூமி உருவான நாளிலேயே ஆழத்தில் சிறைப்பட்டுப் போனது. ஆகவே மேலோட்டுப் பாறையில் மூன்று மிக அரிது. ஆழத்திலிருந்து வந்த பாறையில் அதன் பங்கு மிகுதி. நாம் சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சம் நான்குக்கு மூன்று ஏறத்தாழ 1.4 தான். அந்த விகிதத்தை அளவுகோலாகக் கொண்டால், கடலடி மலைத்தொடர்ப் பாறையில் அது சுமார் 8 மடங்கு. ரியூனியன் தீவின் எரிமலைப் பாறையில் 12 முதல் 14 மடங்கு.

ரியூனியன் நமக்கு அந்நியமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தீவு. அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே தீமிதிக்கின்றனர்.

1993இல் ஆசிஷ் பாசு முதலிய அறிஞர்கள் ராஜஸ்தானத்தில் முண்டுவாரா, சார்ணு என்னும் இடங்களின் பாறைகளை ஆராய்ந்தனர். தக்காணத்துப் பெருங்குழம்பு பொங்குவதற்குச் சற்று முன்னர் வெளிவந்த பாறைகள் அவை. உச்ச அளவு 13.9 மடங்கு என்று கண்டனர். ரியூனியனின் லேபிலே இங்கும்! சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நமது நிலப்பகுதி அந்த வெப்ப ஊற்றின் மேல் இருந்தது. பிறகு வடக்கே நகர்ந்தது. மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ் ஆகியவை அது நகர்ந்த வழியின் சுவடுகள் என்பர். இக்கொள்கையை ஒப்பாத அறிஞரும் உளர். நமக்கோ இது மனத்துக்கு இசைகிறது.

பாறையிலிருந்து ஒலிவின் என்னும் பச்சைப் படிகங்களைப் பொறுக்கி, காற்றற்ற கலத்தில் நொறுக்கி, வெளிப்படும் வாயுவை அளக்கின்றனர். வெந்நீரூற்று வாயுவாயின் செப்புக் குழாயில் பிடித்து இருமுனைகளையும் இறுக நசுக்கிவிடுவர். ஹீலியம் கண்ணாடியினூடும் கசியக் கூடியது. சீல் வைப்பதில் நம் சரக்குக் கொட்டகையைவிடக் கண்டிப்பு!

செய்தியைச் சிறுமியிடம் சொன்னோம். "இங்கே மறுபடி வெடிக்குமா?" என்று உடனே கேட்டாள். அந்த ஊற்று 4,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, அஞ்சாதே என்றோம்.

எரிமலைத் தீவுகளில் வாழ்வோருக்கு அப்படிச் சொல்ல இயலாது. ஜப்பானில் ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழ்வதால் எரிமலைகள் எழுகின்றன. அங்கே ஒன்தாகே மலை 2014 செப்டம்பர் 27ஆம் நாள் நண்பகலில் வெடித்தது. இலையுதிர்கால அழகைக் காண ஏறியிருந்தோரில் இறந்தவரும் காணாமற்போனவருமாக 63 பேர். அம்மலையின் வாய்க்கு மிக அருகிலுள்ள வெந்நீரூற்றில் அதற்கு முந்தைய பத்தாண்டுகளாக மூன்றின் பங்கு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. தொலைவிலுள்ள ஊற்றுகளில் அவ்வாறில்லை. அந்த எண்களைக் கோத்து அறிஞர் வெளியிட்டது 2015இல்.