ஜாக்கியை நம்பாதீங்க அப்பா!

எங்க அப்பா ஆம்னி வேன் ஓட்டுகிறார். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிந்தது. ஒர்க்‌ஷாப் கூலி மிச்சமாகட்டும் என்று வேப்பமரத்தடியில் தானே மாற்றினார். அதை நான் குறை சொல்லவில்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததே நான்தான்!

ஆனால் வெறும் ஜாக்கியில் வண்டியைத் தூக்கிவிட்டு அடியில் படுத்தாரே, அதுதான் தப்பு. மழை பெய்த மண். ஜாக்கி மெல்லச் சாய்ந்தது. அம்மா போட்ட சத்தத்தில் அப்பா வெளியே உருண்டார். வண்டி தொப்பென்று இறங்கியது. எனக்கு இப்பவும் கை நடுங்குது.

ஜாக்கி டயர் மாற்றத்தான். ஆள் அடியில் போகணும்னா கெட்டித் தரையும் இரும்பு ஸ்டாண்டும் வேணும். மிச்சமான கூலியில் முதலில் ஸ்டாண்டு வாங்கணும் என்பது என் கருத்து.

அடுத்து முன்பக்கமாம். அங்கே சுருள் ஸ்பிரிங் அமுங்கி இருக்கும். அதற்கான கருவி இல்லாமல் கழற்றினால் தெறித்து அடிக்கும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கப்பா என்றேன். இன்னும் பதில் இல்லை.