முதலில் நூல், பிறகு வாழ்க்கை

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் கல் இருக்கிறது. பெயருக்குக் கீழே, பிறந்த தேதிக்கும் முன்பாக, ‘பெண்ணுரிமைகளின் நியாயம்’ என்ற நூலை எழுதியவர் என்று பொறித்திருக்கிறார்கள். அந்த வரிசைதான் சரி என்பேன்.

அதே தேவாலயத்தில்தான் 1797 மார்ச்சில் தத்துவவாதி வில்லியம் காட்வினை அவர் மணந்தார். ஆகஸ்ட் 30 அன்று பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை, மருத்துவர் கையை விட்டுத் துண்டு துண்டாக எடுத்தார். பிரசவ ஜன்னி கண்டு செப்டம்பர் 10 அன்று இறந்தபோது அவருக்கு வயது 38. பெண்கள் மருத்துவம் படித்து மருத்துவர்களாக வேண்டும் என்று 1792-லேயே அந்த நூலில் எழுதியவர் அவர். அந்தக் குழந்தைதான் பின்னாளில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லி. 1851-இல் மகள் இறந்தபின் தாய் தந்தையரின் எச்சங்களையும் போர்ன்மத்துக்குக் கொண்டுபோய் அவரோடு சேர்த்து அடக்கம் செய்தார்கள். லண்டனில் கல் மட்டும் நிற்கிறது.

மனைவி இறந்த மறு ஆண்டே காட்வின் அவருடைய வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். மணமாகாமல் பெற்ற முதல் குழந்தை, காதலன் கைவிட்டது, இருமுறை உயிரை மாய்க்க முயன்றது என எதையும் மறைக்கவில்லை. அன்பினால்தான் எழுதினார். ஆனால் எதிரிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு லண்டன் பத்திரிகை தன் பொருளடைவில் ‘விபச்சாரம்’ என்ற தலைப்பின் கீழ் அவர் பெயரைப் பார்க்கச் சொன்னது. அதன்பின் பல பத்தாண்டுகள் மரியாதைக்குரிய பெண்கள் ‘பெண்ணுரிமைகளின் நியாயம்’ நூலை வெளிப்படையாகக் கொண்டாடத் தயங்கினார்கள். அதே நூற்றாண்டின் தத்துவவாதி ரூசோ பெற்ற ஐந்து குழந்தைகளும் அனாதை விடுதிக்குப் போனவை. அதற்காக, கல்வியைப் பற்றிய அவருடைய ‘எமீல்’ நூலை யாரும் மூடி வைக்கவில்லை!

கல்லூரியில் பல ஆண்டுகள் அரசியல் தத்துவம் நடத்தியவள் நான். பாடத்திட்டத்தில் ரூசோவுக்கு ஒரு முழு அலகு இருந்தது. வுல்ஸ்டன்கிராஃப்ட் கடைசி அலகில், ‘பெண்ணியம்’ என்ற தலைப்புக்குள், நான்கு வரியில் இருந்தார். மாணவிகளும் அவருடைய காதல்களைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். அது அவர்கள் தவறு அல்ல, நாம் அவரை அறிமுகப்படுத்தும் விதம் அப்படி.

ஆணைக் கவர்வதற்கும் அவனுக்குப் பணிவதற்கும் ஏற்றபடி பெண்ணை வளர்க்கச் சொன்னார் ரூசோ. பகுத்தறிவு மனிதருக்குப் பொது என்றால் அதை வளர்க்கும் கல்வியும் பொதுவாகத்தானே இருக்க வேண்டும் என்று மடக்கினார் வுல்ஸ்டன்கிராஃப்ட். மன்னனின் தெய்வீக உரிமையை மறுப்பவர்கள் கணவனின் தெய்வீக உரிமையை மட்டும் எப்படி ஏற்கிறார்கள் என்ற அவருடைய கேள்விக்கு அன்றைய புரட்சிக்காரர்களிடம் பதில் இல்லை. இது தத்துவ விவாதம். பெண்ணிய அலகில் ஓரமாக ஒதுக்கி வைக்கும் விஷயமல்ல.

ரூசோவை நடத்தி முடித்த அடுத்த வகுப்பிலேயே இவரை நடத்துங்கள். அவருடைய நூலின் ஐந்தாம் அத்தியாயத்தை ‘எமீல்’ பகுதிகளோடு சேர்த்து வாசிக்கக் கொடுங்கள். பிறகு பன்னிரண்டாம் அத்தியாயம்: ஐந்து வயது முதல் ஒன்பது வயதுவரை ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோரும் ஒரே பள்ளியில் இலவசமாகப் படிக்க வேண்டும் என்று அவர் கேட்டது அதில்தான் இருக்கிறது. வாழ்க்கைக் கதையை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.