பழைய கப்பலுக்குப் புது பால்கனி



கப்பலில் உல்லாசப் பயணம் போகலாமா என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால், டிக்கெட் விலைக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி எது? "ரூமுக்கு பால்கனி உண்டா?" என்பதுதான். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் கிளம்பிய பிறகு, இந்தப் பேச்சு நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஜன்னலே இல்லாத உள் கேபினுக்கு ஒரு விலை. கடல் தெரியும் ஜன்னல் இருந்தால் இன்னொரு விலை. பால்கனி என்றால் அதற்கும் மேலே.

அந்த 'எம்பிரஸ்' புதுக் கப்பல் இல்லை. பிரான்ஸ் நாட்டின் செயின்ட் நசேர் ஊரில் கட்டப்பட்டு, 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் 1990-ல் ஓடத் தொடங்கியது. அதன் பெரும்பாலான கேபின்களுக்கு பால்கனி கிடையாது. அந்தக் காலத்துக் கப்பல்கள் அப்படித்தான். இன்றைக்குக் கட்டப்படும் பெரிய கப்பல்களிலோ, பக்கவாட்டில் எங்கே பார்த்தாலும் வரிசை வரிசையாக பால்கனிகள்தான்.

அப்படியானால் பழைய கப்பலை வைத்திருப்பவர் என்ன செய்வார்? ஒன்று, விலையைக் குறைத்து ஓட்ட வேண்டும். அல்லது உடைக்க அனுப்ப வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால், கப்பலின் பக்கச் சுவரை வெட்டி பால்கனி வைக்க வேண்டும். மூன்றாவது வழியில் போன கப்பல்கள் நிறைய. அதனால் அவற்றின் அழகு என்ன ஆயிற்று என்பதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பால்கனி ஆசை தப்பே இல்லை. காலையில் எழுந்ததும் காபியோடு வெளியே வந்து, யார் தொந்தரவும் இல்லாமல் கடலைப் பார்த்து உட்கார யாருக்குத்தான் பிடிக்காது? கைக்குழந்தை உள்ளே தூங்குகிறது, அம்மா அப்பா வெளியே காற்று வாங்கலாம். முழங்கால் வலியுள்ள பாட்டி மேல் தளத்துக்கு ஏற வேண்டியதில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த ஆசை நேற்று முளைத்ததும் இல்லை. 1912-ல் புறப்பட்ட டைட்டானிக்கிலேயே, மிகப் பெரிய இரண்டு அறைத் தொகுதிகளுக்கு மட்டும் சொந்தமாக உலாவும் இடம் இருந்தது. 1935-ல் வந்த பிரெஞ்சுக் கப்பல் 'நார்மாண்டி'யிலும் இரண்டு ஆடம்பரத் தொகுதிகளுக்குத் தனி மொட்டைமாடி கொடுத்திருந்தார்கள். கோடீஸ்வரர்களுக்கு மட்டும் கிடைத்த சுகம் அது.

1984-ல் நிலைமை மாறியது. பின்லாந்தின் ஹெல்சின்கியில் கட்டப்பட்ட 'ராயல் பிரின்சஸ்' கப்பலுக்கு இளவரசி டயானா பெயர் சூட்டினார். அதில் எல்லா கேபின்களும் கடலைப் பார்த்தவை. பல கேபின்களுக்கு பால்கனியும் இருந்தது. வரைபடம் போடும்போதே பால்கனிக்கு இடம் ஒதுக்கியதால், அது கப்பலின் உடம்புக்குள்ளேயே அடங்கியிருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் எதுவும் துருத்தவில்லை. பால்கனியும் அழகும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

சிக்கல் வருவது, பால்கனியை நினைத்தே பார்க்காமல் கட்டிய கப்பலில் அதைப் பிறகு பொருத்தும்போதுதான். அதற்கு 'பிரான்ஸ்' என்ற கப்பலின் கதையைச் சொல்ல வேண்டும்.

1960 மே மாதம் செயின்ட் நசேரில் அதிபர் சார்ல் டி கோல் முன்னிலையில், அவருடைய மனைவி பெயர் சூட்ட, 'பிரான்ஸ்' தண்ணீரில் இறங்கியது. நீளம் சுமார் 316 மீட்டர். 2004-ல் 'குயின் மேரி 2' வரும்வரை அதைவிட நீளமான பயணிகள் கப்பல் உலகில் இல்லை. முன்னும் பின்னும் உயர்ந்து நடுவில் மெல்லத் தாழும் உடல். மேலே இரண்டு புகைபோக்கிகள். புகையைப் பக்கவாட்டில் தள்ளிவிட அவற்றின் உச்சியில் இரண்டு பக்கமும் இறக்கைகள். படத்தில் பார்த்தாலே கண்ணை எடுக்க மனம் வராது.

1974-ல் எண்ணெய் விலை ஏறியதும் பிரெஞ்சு அரசு கப்பலுக்குத் தந்துவந்த மானியத்தை நிறுத்தியது. கப்பல் லஹாவ்ர் துறைமுகத்தில் முடங்கியது. 1979-ல் நார்வேக்காரர் க்னுட் க்ளோஸ்டர் அதை வாங்கி, ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் மாற்றியமைத்து, 'நார்வே' என்று பெயரிட்டு, 1980-ல் மியாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு ஓட்டினார். அந்த மாற்றத்தில் கப்பலின் அழகு பெரிதாகக் கெடவில்லை.

பிறகு போட்டி வந்தது. 1988-ல் 'சாவரின் ஆஃப் த சீஸ்' என்ற புதுக் கப்பல், உலகின் பெரிய பயணிகள் கப்பல் என்ற பெயரைத் தட்டிச் சென்றது. பதிலுக்கு 1990-ல் 'நார்வே'யின் உச்சியில் இரண்டு தளங்களை ஏற்றினார்கள். 135 ஆடம்பர கேபின்கள், அவற்றில் பலவற்றுக்கு பால்கனி. கப்பலின் கொள்ளளவு கூடியது. பறிபோன பட்டமும் திரும்பி வந்தது. வருமானத்துக்கும் வழி பிறந்தது.

ஆனால் கப்பல் நேசர்களின் மனம் ஆறவில்லை. படிப்படியாக ஏறிப் புகைபோக்கியில் போய் முடிந்த கோடு, இப்போது நடுவில் ஒரு நீண்ட கண்ணாடிக் கட்டடத்தில் முட்டி நின்றது. அந்த இரண்டு புகைபோக்கிகளும் குட்டையாகத் தெரிந்தன. தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீட்டின் தலையில் கான்கிரீட் மாடி எழுப்பினால் தெருவிலிருந்து எப்படித் தெரியும்? உள்ளே இருப்பவருக்கு வசதிதான். ஆனால் வீட்டின் முகம் போய்விடுகிறது அல்லவா?

'நார்வே'யின் முடிவு நம் நாட்டில்தான் நடந்தது. 2003-ல் மியாமியில் பாய்லர் வெடித்து ஊழியர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றவே இல்லை. 2006-ல் 'ப்ளூ லேடி' என்ற பெயரோடு குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்தது. உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் பற்றி உச்ச நீதிமன்றம்வரை வழக்கு நடந்து, 2007-ல் அனுமதி கிடைத்து, துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. 1990-ல் சேர்த்த தளங்கள் அதற்குச் சில ஆண்டுகள் சம்பாதித்துக் கொடுத்தன. ஆயுளைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை.

இதோடு 'க்யூஇ2'வை ஒப்பிட்டுப் பாருங்கள். 1969-ல் ஓடத் தொடங்கிய அந்த பிரிட்டிஷ் கப்பலிலும் 1972 தொடங்கி உச்சியில் பால்கனியுள்ள பென்ட்ஹவுஸ் அறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். மேலே கனம் ஏறியது உண்மைதான். ஆனால் 1987-ல் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் இயந்திரம் வைத்தபோது, ஒல்லியாக இருந்த புகைபோக்கியும் பருமனாயிற்று. அந்தப் பெரிய புகைபோக்கி, சேர்த்த அறைகளின் கனத்தை ஓரளவு ஈடுகட்டியது. முழுக் கப்பலையும் பார்த்தால் கண்ணுக்கு ஒரு நிறைவு இருந்தது. இன்று அந்தக் கப்பல் துபாயில் ஹோட்டலாக நிற்கிறது. ஆக, சேர்ப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. எதை, எங்கே, எந்த அளவில் என்பதுதான் கேள்வி.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்றும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கப்பலை, தண்ணீரை வெளியேற்றிய பழுதுபார்ப்புத் துறையான டிரை டாக்கில் நிறுத்துவார்கள். கேபின் ஜன்னல் இருக்கும் சுவரை வெட்டி எடுத்து, கண்ணாடிக் கதவு பொருத்துவார்கள். வெளியே பட்டறையில் தயாரித்த பால்கனித் தொகுதிகளை கிரேனில் தூக்கி, பக்கவாட்டில் வெல்டிங் செய்வார்கள். 1995-ல் வந்த 'செஞ்சுரி' என்ற கப்பலுக்கு, 2006-ல் இத்தாலியின் பலெர்மோவில் ஒரே மூச்சில் 314 பால்கனிகள் பொருத்தினார்கள். பதினோரு வயதுக் கப்பலுக்கே அப்படியொரு வேலை!

உயரத்தில் எடை கூடினால் கப்பலின் சமநிலை குறையும். அதற்காக அடியில் பாரம் சேர்க்க வேண்டியிருக்கும். சில கப்பல்களுக்குப் பின்பக்கத்தில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி இரும்பு நீட்சி ஒன்றையும் இணைப்பார்கள். பக்கவாட்டுப் பரப்பு கூடினால் காற்றின் தள்ளலும் கூடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு தொகுதியும், அந்தக் கப்பலை வரைந்தவர் நினைக்காத ஒரு நிழலை அதன் பக்கத்தில் விழவைக்கும்.

பாதுகாப்பு விஷயத்தையும் விட்டுவிட முடியாது. 2006 மார்ச்சில் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலில், ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. அணைக்காத சிகரெட் காரணமாக இருக்கலாம் என்றார்கள். பால்கனிகளுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக் தடுப்புகளும் நாற்காலிகளும் எரிய, தீ தளம் தளமாகத் தாவியது. ஒரு பயணி உயிரிழந்தார். அதற்குப் பிறகுதான் பால்கனிகளுக்கென்று தனி தீத்தடுப்பு விதிகள் வந்து, 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. பால்கனியில் சிகரெட் கூடாது என்று இன்று கப்பலில் சொன்னால், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழகைக் கெடுக்காத வழி ஏதாவது உண்டா? உண்டு. அதைச் செய்து காட்டியதும் ஒரு பழைய கப்பல்தான். ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் 'வீண்டாம்' கப்பலில் 2009-ல் இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். ஒன்று, படிக்கட்டுபோல அடுக்கடுக்காக இறங்கிய பின்பக்கத்தில் கேபின் தொகுதி ஒன்றை எழுப்பினார்கள். அந்த அழகான இறக்கம் அடைபட்டுப் போனது.

இன்னொன்று, கப்பலைச் சுற்றி நடக்கும் தளத்தை ஒட்டிய கேபின்களுக்கு, ஜன்னலுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கதவு வைத்தார்கள். கதவைத் திறந்தால் நேராக நடைதளம். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே நடப்பவருக்கு உள்ளே தெரியாது. அந்த கேபின்காரர்களுக்கென்று தளத்தில் சாய்வு நாற்காலியும் ஒதுக்கினார்கள். 'லனாய்' கேபின் என்று அதற்குப் பெயர். கடல் காற்றும் கிடைத்தது, கப்பலின் உருவத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஒரே கப்பல், ஒரே ஆண்டு, இரண்டு விதமான மனம். எனக்கு இரண்டாவது மனம்தான் வேண்டும்.

அந்த நடைதளத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பழைய கப்பல்களில் பால்கனி இல்லாததற்கு ஈடாக, எல்லோருக்கும் பொதுவாக அகலமான திறந்த தளங்கள் இருந்தன. விலை குறைந்த உள் கேபின் எடுத்த குடும்பமும் அங்கே வந்து அதே கடலைப் பார்க்கும். குழந்தைகள் ஓடும். முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் பேசிப் பழகும். தளங்களை அடைத்து பால்கனி எழுப்பும்போது, பொதுவாக இருந்த கடல் காட்சி பணம் கொடுப்பவரின் சொத்தாகிறது. கப்பலின் உருவம் மாறுவதோடு, கப்பலில் நாம் கூடிவாழும் விதமும் மாறுகிறது. இது யாருக்கு நஷ்டம்? சிக்கனமாகச் செலவு செய்து, வருஷத்துக்கு ஒருமுறை வெளியே கிளம்பும் நடுத்தரக் குடும்பத்துக்குத்தானே?

பால்கனி இல்லாவிட்டால் பழைய கப்பலுக்குப் பிழைப்பே கிடையாது என்பவர்களுக்கு 'மார்கோ போலோ'வைக் காட்டுகிறேன். கிழக்கு ஜெர்மனியின் விஸ்மாரில் கட்டப்பட்டு, 1965-ல் 'அலெக்சாண்டர் புஷ்கின்' என்ற பெயரில் சோவியத் கொடியோடு ஓடிய கப்பல். பெயர் மாறியது, உரிமையாளர்கள் மாறினார்கள், உள்ளே எல்லாமே புதிதாயிற்று. வெளி உருவம் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. பால்கனி இல்லாமலே 2020 வரை இங்கிலாந்திலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்றது. அந்த உருவத்துக்காகவே தேடி வந்தவர்கள் ஏராளம். கொரோனா காலத்தில் அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்ட பிறகுதான், 2021-ல் அதுவும் அலங் வந்து சேர்ந்தது.

நிறுவனங்களின் கஷ்டம் புரியாமல் இதைச் சொல்லவில்லை. பால்கனி கேபின் நல்ல விலைக்குப் போகிறது. பழைய கப்பலுக்கு எரிபொருளும் பழுதுபார்ப்பும் செலவு அதிகம். வருமானம் இல்லாவிட்டால் கப்பலே இல்லை. ஆனால் கணக்குப் பார்ப்பவரின் மேஜைக்குப் பக்கத்தில், கப்பலின் பக்கத்தோற்றப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார வேண்டும் என்று கேட்பது அதிகமா? துருத்தாமல் உள்ளடங்கிய பால்கனி, நடைதளத்துக்குத் திறக்கும் கதவு, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி என்று எத்தனையோ வழிகள் இருக்கின்றன. எல்லாக் கப்பலையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டியதில்லை.

நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. பழைய கப்பலில் பயணத் திட்டம் போட்டால், கேபின் விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் தள வரைபடத்தைப் பாருங்கள். திறந்த தளம் எவ்வளவு, சுற்றி நடக்க வழி உண்டா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். கைக்குழந்தையோ முடியாத பெரியவரோ உடன் வந்தால் தயங்காமல் பால்கனி எடுங்கள். மற்றவர்கள், ஜன்னல் கேபின் எடுத்து மிச்சமாகும் பணத்தில் இன்னும் ஒரு ஆளைக் கூட்டிப் போக முடியுமா என்று யோசியுங்கள். திரும்பி வந்து கருத்துப் படிவம் நிரப்பும்போது, "தளம் பிடித்திருந்தது, கப்பலின் பழைய தோற்றம் பிடித்திருந்தது" என்று ஒரு வரி எழுதுங்கள். பயணிகள் எதற்குப் பணம் தருகிறார்களோ அதைத்தான் நிறுவனங்கள் காப்பாற்றும். அழகுக்கும் நாம் பணம் தருவோம் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

உங்கள் கப்பல் பயண அனுபவங்களை எங்களுக்கு எழுதுங்கள். பால்கனியில் உட்கார்ந்த கதையும் வரட்டும், தளத்தில் கிடைத்த நட்பின் கதையும் வரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்